கேஸ் கட்டு யார் பொறுப்பில்?

சமயநல்லூர் காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிவானால் அதற்கு ஒரு குற்ற எண் விழும். ஜனவரியில் 1 என்று தொடங்கி டிசம்பர் 31 வரை ஏறிக்கொண்டே போகும் எண் அது. குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போய் நடுவர் அதைக் கோப்பில் எடுத்ததும் இன்னொரு எண் கிடைக்கும். சாதாரண வழக்கென்றால் சி.சி., சில்லறை வழக்கென்றால் எஸ்.டி.சி., கொலைபோல அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடியது என்றால் பி.ஆர்.சி. அந்த பி.ஆர்.சி. மதுரை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டால் எஸ்.சி. என்று மூன்றாவது எண். எதிரிகளில் ஒருவர் தலைமறைவானால் அவர் பங்கை மட்டும் பிரித்து வேறொரு எண் போடுவார்கள். ஆளே கிடைக்காமல் ஆண்டுகள் ஓடினால் அது எல்.பி.சி., அதாவது நீண்டகால நிலுவை வழக்குகளின் பதிவேட்டுக்குப் போய்விடும்.

இந்த எண்களைப் போடுகிறவர்கள் ஸ்டேஷன் ரைட்டரும் நீதிமன்றத் தலைமை எழுத்தரும்தான். வழக்கை நடத்தி தண்டனை வாங்கித் தரவேண்டிய அரசு வழக்கறிஞர் இதில் ஓர் எண்ணையும் போடுவதில்லை. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு மாவட்டத்தின் குற்ற வழக்குகள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வந்து குவியும் கட்டுகளில் எது நிற்கும், எது நிற்காது, எதற்கு முதலில் உழைக்க வேண்டும், எதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசை மதுரையில் எங்கே இருக்கிறது?

அமெரிக்கக் கவுண்டிகளில் அந்த மேசைக்கு முகவரி உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நியூ ஜெர்சிபோல ஆளுநர் நியமிக்கும் மாநிலங்களும் இருக்கின்றன. எப்படி வந்தாலும், போலீஸ் கொண்டுவரும் கைது அறிக்கையைப் படித்து வழக்குப் போடலாமா, எந்தக் குற்றச்சாட்டில் போடலாம், போடாமலே விடலாமா என்று தீர்மானிப்பது அவர் அலுவலகம். பெரிய அலுவலகங்களில் வரும் வழக்குகளைப் பிரித்தெடுக்கவே தனிப் பிரிவு இருக்கும். கொலைக்கு ஒரு குழு, குடும்ப வன்முறைக்கு ஒரு குழு என்று மேலும் பிரிப்பார்கள். பாலியல் குற்றம்போன்ற வழக்குகளில் முதல் நாள் கட்டைக் கையில் வாங்கிய வழக்கறிஞரே தீர்ப்பு வரை அதைச் சுமப்பார். இங்கிலாந்தில் 1986-இல் தொடங்கிய அரச வழக்குத் தொடர்வுத் துறை இரண்டு கேள்விகளை வைத்து வழக்குகளைச் சலிக்கிறது: தண்டனை கிடைக்கிற அளவுக்குச் சான்று இருக்கிறதா, வழக்கு நடத்துவதில் பொதுநலன் இருக்கிறதா. பக்கத்தில் இலங்கையில் வேறு மாதிரி. அங்கே நீதவான் நீதிமன்றத்தில் போலீஸ் அதிகாரியே எழுந்து வழக்கு நடத்துகிறார். மேல் நீதிமன்றக் குற்றப்பகர்வு மட்டும் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வருகிறது.

நாம் இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை.

திண்டுக்கல் சாலையில், மதுரை நகரக் காவல் எல்லையைத் தாண்டி ஊரகக் காவல் தொடங்கும் பக்கத்தில் இருக்கிறது சமயநல்லூர். ஒருபுறம் நான்குவழிச் சாலை, ஒருபுறம் ரயில் பாதை, தெற்கே வைகை. 2008 தொகுதி மறுவரையறையில் சமயநல்லூர் சட்டமன்றத் தொகுதி பெயரளவில்கூட இல்லாமல் போனது. ஆனால் காவல் துறையின் உட்கோட்டமாக அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. ஊரார் வாயில் 'சமயநல்லூர் டி.எஸ்.பி.' என்பது பழகிய சொல். நாற்கரச் சாலை விபத்து, ஆற்று மணல், டாஸ்மாக் பாட்டிலைப் பதுக்கி விற்றது, செயின் பறிப்பு, வாய்க்கால் வரப்புத் தகராறு, கஞ்சா, சாதி மோதல் என்று இப்படியொரு ஊரக நிலையத்தின் வழக்குக் கலவையை மதுரையைச் சுற்றி எந்த நிலையத்தின் பதிவேட்டைத் திறந்தாலும் பார்க்கலாம்.

அந்தக் கலவையில் அடிக்கடி வரும் ஒரு வகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் வாய்த்தகராறு. ஒருவர் கையிலிருந்த கட்டையால் இன்னொருவர் மண்டையில் போட்டுவிடுகிறார். அடிபட்டவர் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறார், விபத்துப் பதிவேட்டில் காயம் எழுதப்படுகிறது, நிலையத்துக்குத் தகவல் வருகிறது. அடுத்து விழும் பிரிவுகளைத் தமிழ்நாட்டில் வழக்கு பார்த்த எவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: 294(ஆ), 323, 324, 506(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் அவை 296(ஆ), 115(2), 118(1), 351(3) என்று பெயர் மாறின. நால்வர் கூட்டணி மட்டும் கலையவில்லை.

திட்டியது நடந்ததா இல்லையா என்பது இரண்டாம்பட்சம். புகாரில் அந்த வசவு வார்த்தை எழுதப்பட்டே தீரும், ஏனென்றால் அந்தப் பிரிவு சேர்ந்தே தீரும். இதற்கு ஒரு விலை இருக்கிறது. கையால் அடித்த காயம் இரு தரப்பும் சமரசம் ஆகக்கூடிய குற்றம். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது சமரசத்துக்கு உரிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆக, ஆறு மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் பேசி இருவரும் ஒன்றாகிவிட்டாலும் நடுவரிடம் போய் முடித்துக்கொள்ள முடியாது. ஒத்தக்கடை பக்கத்தில் 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும். 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவைத்தது. பஸ் நிறுத்தச் சண்டைக்கு உயர் நீதிமன்றம்! குற்றப்பத்திரிகை போகும் முன்பே ஓர் அரசு வழக்கறிஞர் கட்டை வாங்கிப் பார்த்து, 'இந்தப் பிரிவுக்கு இங்கே சாட்சியே இல்லையே, எதற்கு?' என்று கேட்டு அதை நீக்கியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

இதே சண்டையில் மறு தரப்பும் சும்மா இருப்பதில்லை. அவர்களும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு புகார் கொடுப்பார்கள். எதிர் வழக்கு பிறக்கும். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும், யார் முதலில் அத்துமீறினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலை ஆணை 588-அ சொல்லியது. இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நடைமுறையில் பல நேரம் இரண்டு வழக்கிலும் குற்றப்பத்திரிகை தாக்கலாகும். தாலுகா நீதிமன்றத்தில் இருப்பது ஒரே ஒரு அரசு உதவி வழக்கு நடத்துநர். காலையில் யாரை 'அப்பாவி, அடிபட்டவர்' என்று கூண்டில் ஏற்றி முதல் விசாரணை செய்தாரோ, அதே ஆளை மதியம் எதிரி என்று அவரே குற்றஞ்சாட்ட வேண்டும். அவர் எந்த வழக்கை நம்புகிறார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். நடுவர் நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர்களே வழக்கு நடத்தினார்கள். புலனாய்வு செய்கிற துறையே வழக்கையும் நடத்தினால் சரிப்படாது, வழக்குத் தொடர்வுக்குத் தனித் துறை வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் 1958-லேயே சொல்லிவிட்டது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, வழக்கமாகப் போலீஸ் அதிகாரிகள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்றது. ஆனால் உடையைக் கழற்றிவிட்டால் மட்டும் பிடி போய்விடுமா? பல மாநிலங்களில் உதவி வழக்கு நடத்துநர்கள் போலீஸ் துறையின் நிர்வாகத்திலேயே கிடந்தார்கள். 1995-இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஷஹானே வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்தக் கயிற்றை அறுக்கச் சொன்னது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 25-அ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலந்தோறும் வழக்குத் தொடர்வு இயக்ககம் அமைக்கலாம் என்றது. 'அமைக்கலாம்' என்ற சொல் மாநிலங்களுக்கு வசதியாக இருந்தது.

தமிழ்நாட்டில் இன்று இரண்டு வரிசைகள் ஓடுகின்றன. நடுவர் நீதிமன்றங்களில் நிற்கும் உதவி வழக்கு நடத்துநர்கள், அதாவது ஏ.பி.பி.க்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வருபவர்கள், ஓய்வு வரை அரசு ஊழியர்கள். அமர்வு நீதிமன்றங்களில் நிற்கும் அரசு வழக்கறிஞர்கள், அதாவது பி.பி., கூடுதல் பி.பி.க்கள், வேறு வகை. குறைந்தது 7 ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர்களிலிருந்து, மாவட்ட நீதிபதியைக் கலந்துகொண்டு ஆட்சியர் தயாரிக்கும் பெயர்ப்பட்டியலைக் கொண்டு அரசு நியமிப்பது. ஆட்சி மாறினால் இந்த நாற்காலிகளும் மாறும் என்பது மதுரை நீதிமன்ற வளாகத்தில் ரகசியமே இல்லை. பாதி விசாரணை முடிந்த கொலை வழக்கில், சாட்சிகளின் முகம் தெரிந்த வழக்கறிஞர் கிளம்பிப் போய், புதியவர் முதல் பக்கத்திலிருந்து கட்டைப் படிக்கத் தொடங்குவார். திருட்டு வழக்கை நடத்துபவருக்குப் பணி நிரந்தரம், கொலை வழக்கை நடத்துபவருக்கு ஆட்சி இருக்கும் வரை. இந்த ஏற்பாட்டில் நியாயம் என்ன என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அடுத்த முடிச்சு, குற்றப்பத்திரிகையை யார் தீர்மானிப்பது என்பது. மதுரையில் ஆய்வாளர்கள் வரைவுக் குற்றப்பத்திரிகையை ஏ.பி.பி.யிடம் கொடுத்து 'ஒப்பீனியன்' வாங்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. பெரிய வழக்கென்றால் அது வழக்குத் தொடர்வுத் துணை இயக்குநர் வரை போகும். பழக்கம் வேறு, சட்டம் வேறு. 2000-இல் ஆர். சரளா எதிர் டி.எஸ். வேலு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பிரித்தது. தமிழ்நாட்டில் ஓர் இளம் மணப்பெண்ணின் தற்கொலை பற்றிய வழக்கு அது. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புலனாய்வு போலீசின் வேலை, வழக்கு நடத்துவது வழக்கறிஞரின் வேலை, முன்னதில் பின்னவர் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பதினான்கு ஆண்டு கழித்து, 2014 ஜனவரியில், குஜராத்தின் கிஷன்பாய் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் பேசியது. ஒரு சிறுமியின் கொலை வழக்கில் புலனாய்வுக் குளறுபடிகளால் எதிரி விடுதலையானதைக் கண்டு நொந்து, புலனாய்வு முடிந்ததும் வழக்குத் தொடர்வுத் துறை தன் சொந்த அறிவைச் செலுத்தி ஓட்டைகளை அடைக்கச் சொல்ல வேண்டும் என்றது. இரண்டும் உச்ச நீதிமன்றத்தின் சொற்களே. நடுவில் நிற்பவர் தாலுகா நீதிமன்றத்து ஏ.பி.பி.

அவருடைய ஒரு காலைப் பொழுது எப்படியிருக்கும்? பத்தரை மணிக்கு நடுவர் அமர்கிறார். அதற்கு முன்பே மேசையில் அன்றைய கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிலையத்தின் கோர்ட் காவலரும் தன் நிலையத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார். உண்மையில் வழக்கின் வரலாறு அந்தக் காவலரின் தலையில்தான் இருக்கும். சம்மன் யாருக்குச் சார்வானது, எந்த சாட்சி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், எந்த எதிரிக்குப் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் ஏ.பி.பி.க்குத் தெரிவது அவர் காதில் சொன்ன பிறகுதான். முதலில் ரிமாண்ட், பிறகு ஜாமீன் மனுக்கள், அவற்றுக்கு ஆட்சேபணை, வாய்தா, வாரண்ட் திரும்பப் பெறும் மனு. சாட்சி விசாரணை தொடங்கும்போது வெயில் ஏறிவிடும். சாட்சி வந்திருந்தால் வராந்தாவில் வைத்து அவர் அன்று போலீசிடம் சொன்னதை ஒருமுறை படித்துக் காட்டுவார்கள். பல வழக்குகளில் ஏ.பி.பி. அந்தச் சாட்சியைப் பார்ப்பதே அப்போதுதான். மகஜர் சாட்சியாகக் கையெழுத்திட்ட வி.ஏ.ஓ. இதற்குள் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகி இருப்பார். பக்கத்து நீதிமன்றத்தில் ஏ.பி.பி. இடம் காலியாக இருந்தால் அதுவும் இவரிடம் கூடுதல் பொறுப்பாக வந்து சேரும்.

புதுச் சட்டங்கள் வந்தபின் அவர் கையில் இரண்டு புத்தகம். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம், பின் நடந்ததற்கு நியாய சன்ஹிதா. பழைய குற்றத்துக்குப் புதிய தேதியில் எப்.ஐ.ஆர். போட்டிருந்தால் குற்றத்துக்குப் பழைய சட்டம், நடைமுறைக்குப் புதிய சட்டம். ஒரே நாள் பட்டியலில் இந்த மூன்று வகையும் கலந்து வரும்.

அந்தப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆவது பிரிவுதான் நம் கேள்விக்கு முதல்முறையாகச் சட்டத்தில் ஒரு பதில் வைக்கிறது. மாவட்டந்தோறும் வழக்குத் தொடர்வு இயக்ககம் இருக்கலாம் என்று சொன்னதோடு நில்லாமல், எந்த வழக்கு யார் பார்வையில் என்று மூன்று அடுக்காகப் பிரித்தும் விடுகிறது. 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை, ஆயுள், தூக்கு என்றால் இயக்குநர் கண்காணிக்க வேண்டும், மேல்முறையீடு செய்யலாமா என்று கருத்துச் சொல்ல வேண்டும். 7 முதல் 10-க்குள் என்றால் துணை இயக்குநர். போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்ப்பதும் அவர் வேலை. 7-க்குக் கீழே உதவி இயக்குநர். உதவி இயக்குநர் பதவிக்கு 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம், இயக்குநருக்கு 15 ஆண்டு அல்லது அமர்வு நீதிபதியாக இருந்த அனுபவம்.

நம் குற்றவியல் சட்டத்துக்கு ஏழு என்ற எண்மேல் ஏனோ தனிப் பிரியம். ஏழாண்டு வரை தண்டனை என்றால் எடுத்த எடுப்பில் கைது கூடாது. ஏழாண்டும் அதற்கு மேலும் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். ஏழாண்டுக்கு மேற்பட்டதில் தண்டனைப் பேரம் கிடையாது. இப்போது வழக்குத் தொடர்வு அதிகாரியின் அடுக்கும் அதே எண்ணில் வந்து நிற்கிறது. கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் தண்டனை ஆண்டை வைத்துக் கட்டுகளை அடுக்கினால், எந்த வழக்கு எங்கே உடையும் என்பது தெரியாமல் போகிறது.

இரண்டு கட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நாற்கரச் சாலையில் அதிகாலையில் பைக்கில் போனவரை லாரி இடித்துக் கொன்ற வழக்கு. கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 5 ஆண்டு, ஆகவே கீழடுக்கு. லாரி எண்ணைச் சொன்ன ஒரே சாட்சி அந்த வழியாகப் போன வெளியூர்க்காரர். சுங்கச் சாவடிக் கேமராப் பதிவு இருந்தும் அதற்குச் சாட்சியச் சட்டப்படி வேண்டிய சான்றிதழ் வாங்கப்படவில்லை. வாங்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் வழக்கு பிழைக்கும். இரண்டாவது, வாகனச் சோதனையில் 21 கிலோ கஞ்சா. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, 10 முதல் 20 ஆண்டு, மேலடுக்கு. சாட்சிகள் எல்லாரும் போலீஸ்காரர்கள், ஆவணங்கள் அச்சடித்த மாதிரி. இதில் பார்க்க வேண்டியது மாதிரி எடுத்த முறையும் சட்டம் கேட்கும் எழுத்து வேலைகளும்தான். ஒரு நல்ல சரிபார்ப்புத் தாளைப் பழகிய ஏ.பி.பி.யே நிரப்பிவிடுவார். இயக்குநரின் கண் இரண்டாவதில் இருக்கும். உடைந்து கிடப்பது முதலாவது. வழக்கைக் கொல்வது சாட்சி. சட்டம் எண்ணுவதோ ஆண்டு.

இதற்கு மேல் தனி நீதிமன்றங்கள். போதைப்பொருள், போக்சோ, பட்டியல் சாதியினர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு, மகளிர், சி.பி.ஐ. என்று மதுரையில் இவற்றுக்கெல்லாம் சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சிறப்பு அரசு வழக்கறிஞர், அதனதன் கெடு. போக்சோ வழக்கை ஓராண்டுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் பதிய வேண்டும். வன்கொடுமை வழக்கைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகி இரண்டு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். புதுச் சட்டம் எல்லா வழக்குக்கும் கெடு வைத்திருக்கிறது: அமர்வு வழக்கில் வாதம் முடிந்த 30 நாளில் தீர்ப்பு, நீட்டித்தால் 45, வாய்தா இரண்டுக்கு மேல் இல்லை. எல்லாக் கட்டிலும் 'அவசரம்' என்று சிவப்புத் துண்டு ஒட்டிவிட்டால் எழுத்தர் பழையபடி மேலிருந்துதான் எடுப்பார்.

ஒரு வழக்கை ஓர் ஆள் முழுசாகச் சுமந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு அங்கிருந்து மதுரை வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞராக பவானி பா. மோகன் நடத்தினார். முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார். வழக்கமான வழக்கென்றால் அந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். திருச்செங்கோடு கோயிலின் கேமராப் பதிவுகளையும் சூழ்நிலைச் சான்றுகளையும் கோத்து வழக்கை நிற்கவைத்தார்கள். 2022 மார்ச்சில் முக்கிய எதிரி யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். இதற்கு நேர் எதிராக, மேலூர் பக்கம் 1997 ஜூன் 30-இல் நடந்த மேலவளவுக் கொலைகள், மதுரை மாவட்டத்து வழக்காக இருந்தும், சேலத்தில் விசாரிக்கப்பட்டு 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை ஆனது. நாமக்கல் வழக்கு மதுரைக்கு வருகிறது, மதுரை வழக்கு சேலத்துக்குப் போகிறது. சாட்சி பயப்படாத ஊரைத் தேடித்தான் இந்தப் பயணம். ஆனால் அந்தத் தேடல் உயர் நீதிமன்றம் வரை போகத் தெம்புள்ள குடும்பத்துக்கும் இயக்கங்களுக்கும்தான் வாய்க்கிறது. வன்கொடுமைச் சட்ட விதிகள் பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்க இடம் தருகின்றன. அதையும் கேட்கத் தெரிந்தவர்தான் பெறுகிறார்.

வாசலில் சலிக்காத வழக்குகள் வெளியேறும் விதமும் விசித்திரமானது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் போடப்பட்ட வழக்குகளை, போலீசாரைத் தாக்கியது போன்றவை நீங்கலாக, திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளுக்கும் அதே மாதம் அதே அறிவிப்பு. மக்களுக்கு நிம்மதிதான், சந்தேகமில்லை. ஆனால் அரசு அலுவலரின் ஆணையை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் போலீஸ் நேரடியாக எப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும் என்று மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் 2018-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் லட்சக்கணக்கில் பதிவு செய்து, பிறகு ஒரு மேடைப் பேச்சில் கைகழுவ வேண்டியிருந்தது. சட்டப்படி, நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கைத் திரும்பப் பெற மனுச் செய்ய வேண்டியவர் அரசு வழக்கறிஞர்தான், அதுவும் தன் சொந்த அறிவைச் செலுத்தி. அரசு சொன்னது என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடக்கூடாது. 2021 ஜூலையில் கேரள சட்டமன்ற ரகளை வழக்கைத் திரும்பப் பெற உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது இந்த அடிப்படையில்தான். புதுச் சட்டத்தின் 360-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்றும் சேர்த்திருக்கிறது. போடும்போது கேட்கப்படாத அறிவை எடுக்கும்போது மட்டும் கேட்கிறார்கள்.

விடுதலையான வழக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிஷன்பாய் தீர்ப்பு, ஒவ்வொரு மாநிலமும் மூத்த போலீஸ், வழக்குத் தொடர்வு அதிகாரிகள் கொண்ட நிலைக்குழு வைத்து, விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கிலும் எங்கே தவறு நடந்தது என்று பார்த்து, பயிற்சியில் அதைச் சேர்க்கச் சொன்னது. ஒரு வழக்கறிஞர் அலுவலகம் தன் வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. ஆனால் மாவட்டக் கூட்டங்களில் மேசைக்கு வருவது எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை என்ற இரண்டு எண்கள். எஸ்.டி.சி.யில் அபராதம் கட்டிய பாட்டில் வழக்கும் அந்தக் கணக்கில் ஒன்று, பத்தாண்டு இழுத்த கொலை வழக்கும் ஒன்று.

காவல், நீதிமன்றம், சிறை, தடயவியல், வழக்குத் தொடர்வு ஆகிய ஐந்தையும் இணைக்கும் ஐ.சி.ஜே.எஸ். கணினி வலையில் வழக்குத் தொடர்வுக்கென்றும் ஒரு பகுதி இருக்கிறது. குற்றப்பத்திரிகை திரையிலேயே ஏ.பி.பி.க்கு வரலாம், கருத்து திரையிலேயே திரும்பிப் போகலாம். இது உதவும். இடம் மாறிய மருத்துவருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் பதிலாக அந்தப் பதவியில் இப்போது இருப்பவரே ஆவணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாம் என்ற புது நடைமுறைச் சட்டத்தின் 336-ஆவது பிரிவும் உதவும். ராஜாஜி மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனை டாக்டருக்காகப் பல வாய்தாக்கள் காத்திருந்த வழக்குகளை மதுரை நீதிமன்றங்கள் நன்றாக அறியும். ஆனால் கணினியில் கேட்கப்படும் கட்டங்களும் பிரிவு, தண்டனை, தேதி என்றே இருந்தால் பழைய அடுக்குத்தான் திரையில் தெரியும். நான் கேட்பது இன்னும் ஒரே ஒரு கட்டம்: இந்த வழக்கு யார் சொல்லில் நிற்கிறது, அவர் இப்போது எங்கே இருக்கிறார், கடைசியாக அவரிடம் பேசிய அரசு வழக்கறிஞர் யார். மூன்றாவது கேள்விக்குப் பெயர் எழுத வேண்டுமென்றால் ஒருவர் பேசியே ஆகவேண்டும்.

அந்தக் கட்டத்தை நிரப்பும் அதிகாரம் குற்றப்பத்திரிகைக்கு முன்பே தொடங்குமா, பின்னால்தானா என்பதுதான் மீதமிருக்கும் வழக்கு. சரளா தீர்ப்பு, புலனாய்வில் வழக்கறிஞருக்கு இடமில்லை என்கிறது. 20-ஆவது பிரிவு, துணை இயக்குநர் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்க்கட்டும் என்கிறது. ஆராய்ந்து திருப்பி அனுப்பினால் போலீஸ் கட்டுப்பட வேண்டுமா என்று சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. ஓர் ஆய்வாளர், திருப்பி அனுப்பப்பட்ட கட்டைத் திருத்தாமல் அப்படியே தாக்கல் செய்து, அதை எதிரியோ புகார்தாரரோ ஒத்தக்கடை வரை இழுக்கும்போது, இந்த இரண்டில் எது மேல் என்று நீதிபதிகள் சொல்லித்தான் ஆகவேண்டும்.